சகுராபாவை உருவாக்கியது கல்லூரி மல்யுத்தமா, புரோ ரெஸ்லிங்கா?

வாசகர் கேள்வி, ஜனவரி 6

ஜப்பானின் கசுஷி சகுராபா புரோ ரெஸ்லிங்கிலிருந்து எம்.எம்.ஏ.வுக்கு (குத்து, உதை, பூட்டு எல்லாம் கலந்த நிஜச் சண்டைக்கு) வந்து, பிரேசிலின் புகழ்பெற்ற ஜுஜிட்சுக் குடும்பமான கிரேசி குடும்பத்தையே வரிசையாக வீழ்த்தினார் என்று கொண்டாடுகிறார்கள். ஆனால் அவர் சுவோ பல்கலைக்கழகத்தில் முறையாக மல்யுத்தம் கற்றவர். புரோ ரெஸ்லிங்கிலோ யார் ஜெயிப்பது என்று முன்பே பேசிவைத்துவிடுகிறார்கள். அப்படியானால் ஜெயித்தது கல்லூரி மல்யுத்தம்தானே? புரோ ரெஸ்லிங்குக்கு இதில் என்ன பெருமை?

ஜனவரி 6, இரவு

கல்லூரி மல்யுத்தமே போதும் என்றால் யூஜி நகாதா கதையை என்ன செய்வது? அவரும் அமெச்சூர் மல்யுத்தத்தில் பெயர் எடுத்துவிட்டுத்தான் நியூ ஜப்பான் என்ற புரோ ரெஸ்லிங் நிறுவனத்தில் சேர்ந்தார். 2001 டிசம்பர் 31 அன்று அந்த நிறுவனத்தைத் தொடங்கிய அன்டோனியோ இனோகி அவரைக் கொண்டுபோய், நிஜச் சண்டைக்கு, கிக்பாக்சர் மிர்கோ குரோ காப் முன்னால் நிறுத்தினார். 21 விநாடியில் தோற்றார். இரண்டு வருடம் கழித்து, அதே டிசம்பர் 31, இந்த முறை எதிரே ரஷ்யாவின் எம்.எம்.ஏ. ஜாம்பவான் ஃபெடோர் எமலியானென்கோ. ஒரு நிமிடம் இரண்டு விநாடி.

நகாதா சோப்ளாங்கி இல்லை. புரோ ரெஸ்லிங்கில் இன்றும் மரியாதையோடு பேசப்படுகிற ஆள். அமெச்சூர் மல்யுத்த அடிப்படை இரண்டு பேருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். அதற்கப்புறம் போய்ச் சேர்ந்த பயிற்சிக்கூடம் வேறு. என் கட்சி அதுதான். சகுராபாவை உருவாக்கியது புரோ ரெஸ்லிங்தான், ஆனால் மேடையில் நடந்த புரோ ரெஸ்லிங் இல்லை. மேடைக்குப் பின்னால் காலையில் நடந்தது. நாளை எழுதுகிறேன், இப்போது தூக்கம் வருகிறது.

ஜனவரி 7

சகுராபா 1992இல் சேர்ந்தது யூ.டபிள்யூ.எஃப். இன்டர்நேஷனல். நொபுஹிகோ டகாடாவின் நிறுவனம். டிவியில் நாம் பார்த்துப் பழகிய ரெஸ்லிங் மாதிரி இருக்காது. கயிற்றில் ஓடி எகிறுவது கிடையாது, நாற்காலி கிடையாது. ஆளுக்கு 15 புள்ளியோடு தொடங்குவார்கள். கீழே விழுந்தால் புள்ளி போகும், பூட்டில் மாட்டிக் கயிற்றைப் பிடித்தால் புள்ளி போகும். உதை, தூக்கி எறிதல், கை கால் பூட்டு, அவ்வளவுதான். பார்த்தால் நிஜம் போலவே இருக்கும். முடிவு மட்டும் பேசிவைத்தது.

பயிற்சி அப்படி இல்லை. அங்கே பயிற்சியாளராக இருந்தவர் பில்லி ராபின்சன். இங்கிலாந்தின் விகன் ஊரில் ‘பாம்புக் குழி’ என்று பட்டப்பெயர் வாங்கிய பில்லி ரைலியின் கூடத்தில் வளர்ந்தவர். கேட்ச் ரெஸ்லிங் என்ற பழைய முரட்டுக் குஸ்தி அங்கேதான் உயிரோடு இருந்தது. 1975இல் இனோகியோடு 60 நிமிடம் ஆடி டிரா செய்தவர் இந்த ராபின்சன். அந்த மனிதர்தான் இளம் பையன்களைப் பாயில் போட்டு நசுக்கினார். சாயங்காலம் மேடையில் யார் தோற்பது என்று முடிவாகியிருக்கும். காலையில் பாயில் யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. சகுராபா அப்போது பெரிய ஆள் கிடையாது, ஆட்ட வரிசையில் அடியில் இருந்தவர். அதனால் பாயில் கிடந்த நேரமே அதிகம்.

இன்னொரு சுவாரசியம். 1995 அக்டோபர் 9, டோக்கியோ டோம். நியூ ஜப்பானும் இவர்களும் மோதிய பெரிய நாள், 67,000 பேர் கூட்டம் என்று அறிவித்தார்கள். முதல் ஆட்டத்தில் ஒரு பக்கம் சகுராபாவும் கனெஹாராவும், எதிர்ப்பக்கம் இஷிஸாவாவும் நகாதாவும்! நேற்றுச் சொன்ன அதே நகாதா. அன்றைக்கு அந்த நால்வரில் யார் பின்னாளில் எங்கே போவார்கள் என்று பந்தயம் கட்டியிருந்தால் சகுராபா மேல் யாரும் ஒரு பைசா வைத்திருக்க மாட்டார்கள்.

ஜனவரி 7, சாயங்காலம்

கீழே ஒருவர், “முடிவு பேசிவைத்த ஆட்டத்தில் டகாடாவே தோற்றாரே, ஏன் ஒப்புக்கொண்டார்?” என்கிறார். பணம், ஐயா. நிறுவனம் தள்ளாடிக்கொண்டிருந்தது. அந்த டோக்கியோ டோம் நாளில் நியூ ஜப்பானின் கெய்ஜி முட்டோ போட்ட கால் பூட்டுக்கு டகாடா தட்டினார், அதாவது கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். ‘நாங்கள்தான் நிஜமான ஆட்கள்’ என்று இத்தனை வருடம் விற்ற சரக்கு அன்றோடு போச்சு. 1996 டிசம்பரில் கடையையே மூடினார்கள்.

ஜனவரி 8

கிரேசி பகை எங்கே தொடங்கியது என்று கேட்டிருந்தீர்கள். 1994 டிசம்பர், லாஸ் ஏஞ்சலஸ். யோஜி அன்ஜோ என்ற யூ.டபிள்யூ.எஃப்.ஐ. ஆள் ரிக்சன் கிரேசியின் பயிற்சிக்கூடத்துக்கே நேரில் போய்ச் சண்டைக்குக் கூப்பிட்டார். கூடவே ஜப்பானியப் பத்திரிகையாளர்களையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார். ரிக்சன் வந்தார், கதவைச் சாத்தினார்கள், பத்திரிகையாளர்கள் வெளியே நின்றார்கள். கதவு திறந்தபோது அன்ஜோவின் முகம் முழுக்க ரத்தம். சவால் விடப் போகும்போது சாட்சிக்கு ஆள் கூட்டிப் போகாதீர்கள் என்பது இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம்.

அந்தக் கடனை அடைக்க வேண்டியவர் டகாடா. 1997 அக்டோபர் 11, டோக்கியோ டோம், ப்ரைட் என்ற ஜப்பானிய எம்.எம்.ஏ. நிறுவனத்தின் முதல் நிகழ்ச்சி. அந்த நிறுவனமே இந்த ஒரு மேட்சுக்காகத் தொடங்கியதுதான். 4 நிமிடம் 47 விநாடியில் ரிக்சன் ஆர்ம்பார் (முழங்கையை எதிர்ப்பக்கம் வளைக்கும் கைப்பூட்டு) போட்டு ஜெயித்தார். அடுத்த வருடம் அதே தேதியில் மறுபடியும் மோதினார்கள், மறுபடியும் ஆர்ம்பார்.

டகாடாவைப் பற்றிக் கேலியாக எழுதுவது சுலபம், நானும் நிறைய எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த முதல் மேட்சைத் திரும்பப் பார்த்தால் வேறொன்று படுகிறது. வளையத்துக்குள் அவர் பின்வாங்கிக்கொண்டே இருக்கிறார். தோற்கப்போகிறோம் என்று தெரிந்த முகம். தெரிந்தும் போய் நின்றார். 30,000 பேர் அழுவார்கள், பத்திரிகைகள் கிழித்துப் போடும் என்று தெரிந்தும் நிற்பதற்கு ஒரு மனசு வேண்டும். (30,000 என்பது என் வாய்க்கு வந்த எண், சண்டைக்கு வராதீர்கள்.)

ஜனவரி 9

இப்போது நம்ம ஆள். 1997 டிசம்பர் 21, யோகோஹாமா அரீனா, அமெரிக்க எம்.எம்.ஏ. நிறுவனமான யூ.எஃப்.சி. முதன்முறை ஜப்பானுக்கு வந்த நாள். கனெஹாராவுக்கு அடிபட்டதால் கடைசி நேரத்தில் சகுராபாவை உள்ளே தள்ளினார்கள். ஹெவிவெயிட் பிரிவு. எதிரே மார்கஸ் சில்வெய்ரா, பட்டப்பெயர் கோனன், பிரேசில் ஜுஜிட்சு கறுப்புப் பட்டை. பக்கத்தில் நின்றால் சகுராபா தம்பி மாதிரித் தெரிவார்.

சில்வெய்ரா குத்து விட, சகுராபா காலைப் பிடிக்கக் குனிந்தார். அவர் அடிபட்டு விழுகிறார் என்று நினைத்து ரெஃப்ரி ஜான் மெக்கார்த்தி நிறுத்திவிட்டார். அப்போது சகுராபா செய்ததுதான் அழகு. வெளியே போகவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். கூட்டம் கத்தியது. வீடியோவைப் பார்த்து மெக்கார்த்தி தன் முடிவை மாற்றி, மேட்ச் செல்லாது என்று அறிவித்தார். நல்லவேளையாக, மற்ற அரையிறுதியில் அன்ஜோவை (அதே அன்ஜோ!) ஜெயித்த டாங்க் அபாட் கை உடைந்து விலக, அதே இரவு இவர்கள் இருவரும் மறுபடி மோதினார்கள். இந்த முறை 3 நிமிடம் 44 விநாடியில் ஆர்ம்பார், சில்வெய்ரா தட்டினார்.

முடிந்ததும் சகுராபா மைக்கில் சொன்னது, புரோ ரெஸ்லர்கள் உண்மையிலேயே பலசாலிகள் என்று. டகாடா தோற்று இரண்டரை மாதம்கூட முழுசாக ஆகவில்லை, இன்னும் காயம் ஆறாத கூட்டம் அது. கேள்வி கேட்ட நண்பருக்கு: பெருமையைப் புரோ ரெஸ்லிங்குக்குக் கொடுத்தது நானோ ரசிகர்களோ இல்லை, ஜெயித்த மனிதரே கொடுத்தார். அவர் தன் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லவில்லை.

ஜனவரி 10

“ஒரு கைப்பூட்டை வைத்துக்கொண்டு இவ்வளவு அலட்டலா” என்று ஒருவர். அந்தக் கைப்பூட்டில் மாட்டியிருக்கிறீர்களா? நான் மாட்டியிருக்கிறேன்.

வேலைக்குப் போன ஊரில் ஒரு சின்ன ஜுஜிட்சு வகுப்பில் சேர்ந்திருந்தேன். என்னைவிட ஒல்லியான, கண்ணாடி போட்ட ஒரு பையன். என் வலது மணிக்கட்டை ஒரு கையால் பிடித்தான். இன்னொரு கையை என் மேல் கைக்கு அந்தப் பக்கமாகக் கொண்டுபோய், தன் மணிக்கட்டையே பிடித்துக்கொண்டான். அவ்வளவுதான், சங்கிலி பூட்டியாயிற்று. மணிக்கட்டில் வலியே இல்லை, அதுதான் ஏமாற்று. என் கையை முதுகுப் பக்கமாகத் திருகியபோது வலி தோளின் உள்ளே, எலும்புக்குப் பின்னால் எங்கேயோ தொடங்கியது. வலிக்கும் முறிவுக்கும் நடுவே அதிக இடம் இல்லை என்று உடம்புக்குத் தானாகவே தெரிந்தது. தட்டிவிட்டேன். பாயைத் தட்டினேனா அவனைத் தட்டினேனா ஞாபகமில்லை.

இதை ஜுஜிட்சுக்காரர்கள் கிமுரா என்பார்கள். ராபின்சன் வகையறாக்களிடம் இது வெகுகாலமாக இருந்த சரக்கு. சகுராபாவின் தனித்தன்மை என்னவென்றால், அவர் இதைக் கீழே படுத்துக்கொண்டுதான் போட வேண்டும் என்று இருக்கவில்லை. நின்றுகொண்டே, எதிராளி பின்னாலிருந்து இடுப்பைக் கட்டியிருக்கும்போதே, அவன் கையைப் பிடித்துப் பூட்டிவிடுவார். சாதாரணமாக முதுகை எதிராளியிடம் கொடுத்தால் பாதி தோற்றமாதிரி. இவருக்கு அதுதான் வியாபாரம் தொடங்கும் இடம்.

1999 நவம்பர் 21, ப்ரைட் 8, ராய்லர் கிரேசி. நடுவர் தீர்ப்பே கிடையாது, நேரம் முடிந்தால் டிரா என்று விதி. ராய்லர் மல்லாந்து கிடக்கிறார், சகுராபா நின்றபடி கால்களை உதைத்துக்கொண்டே இருக்கிறார். இரண்டாவது ரவுண்டில், முடிய இரண்டு நிமிடம்கூட இல்லை, கைப்பூட்டு விழுந்தது. கை போகக்கூடாத பக்கம் போகிறது, ராய்லர் தட்டவில்லை. ரெஃப்ரி நிறுத்தினார். தட்டாதபோது எப்படி நிறுத்தலாம் என்று கிரேசி தரப்பு இன்றுவரை புலம்புகிறது. என் தோளைக் கேட்டால் நிறுத்தியது சரி.

2000 ஆகஸ்டில் ரென்சோ கிரேசி. இதே பூட்டு, நின்ற நிலையிலிருந்து, சுழன்று விழும்போதே முழங்கை மூட்டு விலகிவிட்டது. ரென்சோவும் தட்டவில்லை. ஆனால் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மைக்கில் சகுராபாவை மனதாரப் பாராட்டினார். அந்தக் குடும்பத்தில் எனக்குப் பிடித்த ஆள் அவர்தான்.

ஜனவரி 10, கொஞ்ச நேரம் கழித்து

ஆமாம், ராய்லர் எடையில் மிகச் சின்னவர். ஒத்துக்கொள்கிறேன், அந்த வெற்றியை நான் பெரிதாகத் தூக்கிப்பிடிப்பதில்லை. ஆனால் “சின்ன ஆட்களை மட்டும் அடித்தார்” என்பது அநியாயம். கார்லோஸ் நியூட்டனை 1998இல் நீபாரில் (முழங்கால் பூட்டில்) தட்டவைத்தார். அந்த மேட்சைப் பாருங்கள், இரண்டு பேரும் விளையாடுகிற மாதிரி உருண்டு புரள்வார்கள், குத்தே கிட்டத்தட்ட இல்லை. 1999இல் வீட்டர் பெல்ஃபோர்ட்டைப் புள்ளியில் ஜெயித்தார். 2001இல் குவின்டன் ஜாக்சனைக் கழுத்து நெரித்து முடித்தார். ஜாக்சன் அவரைத் தூக்கித் தூக்கித் தரையில் போட்டதைப் பார்த்தால் உங்களுக்கே முதுகு வலிக்கும்.

ஜனவரி 11

கொஞ்சம் தடம் மாறுகிறேன். ட்ரம்ப் கார்டு ஆடிய தலைமுறை நாம். உயரம், எடை, மார்பளவு, ஆடிய மேட்ச். அட்டையில் எண் பெரிதாக இருந்தால் ஜெயிப்பு. அதில் சகுராபா ஒரு அட்டையாக வந்திருந்தால் எல்லாச் சுற்றிலும் தோற்றிருப்பார். சுமார் 85 கிலோ, சிகரெட் பிடிப்பார், மேட்சுக்கு முந்தின இரவும் குடிப்பார் என்று கதை உண்டு, உடம்பைப் பார்த்தால் பக்கத்துத் தெரு பெட்டிக்கடைக்காரர் மாதிரி இருக்கும். ஆரஞ்சு நிக்கர். அண்டர்டேக்கர் அட்டைக்காக உயிரை விட்ட எனக்கு இந்த ஆளைப் பிடித்தது எப்படி என்று என் தம்பி இன்னும் கேட்கிறான்.

ஜனவரி 12

ராய்ஸ் கிரேசி மேட்ச் பற்றி எழுதச் சொல்லி மூன்று பேர். சரி, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், நீளமாகத்தான் வரும்.

2000 மே 1, டோக்கியோ டோம், ப்ரைட் கிராண்ட் ப்ரீ இறுதி நாள். ஜனவரி மாதச் சுற்றில் ராய்ஸ் டகாடாவைப் புள்ளியில் ஜெயித்திருந்தார், ஆக இது குருவுக்கான கணக்கும்கூட. மற்றவர்களுக்கெல்லாம் 15 நிமிட ஒரே ரவுண்டு, தேவைப்பட்டால் கூடுதல் ரவுண்டு. கிரேசி தரப்பு தங்களுக்குத் தனி விதி கேட்டது. 15 நிமிட ரவுண்டுகள், எத்தனை வேண்டுமானாலும். நடுவர் தீர்ப்பு கிடையாது, ரெஃப்ரி நிறுத்தக் கூடாது. யாராவது தட்ட வேண்டும், அல்லது தோல்வியை ஒப்புக்கொண்டு அவர் மூலையிலிருந்து டவல் விழ வேண்டும். சகுராபா ஒப்புக்கொண்டார்.

உள்ளே வந்தபோது ஒரே மாதிரி முகமூடி போட்ட மூன்று பேர் வந்தார்கள். எவர் சகுராபா என்று தெரியாது. ஒன்றரை மணி நேரம் அடித்துக்கொள்ளப் போகிற ஒருவர் நடந்து வருகிற விதமா இது! ராய்ஸ் பக்கம் அண்ணன் தம்பிகள் ஒருவர் தோளில் ஒருவர் கைவைத்து ரயில் வண்டி மாதிரி, சிரிப்பே இல்லாமல் வந்தார்கள். பாதி சண்டை அங்கேயே முடிந்துவிட்டது என்பது என் எண்ணம்.

முதல் ரவுண்டில் ராய்ஸ் அவரைக் கயிற்றோரம் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறார். சகுராபா அந்தக் கையைப் பூட்டிக்கொண்டு, ராய்ஸின் தோளுக்கு மேலாகக் கூட்டத்தைப் பார்த்துச் சிரிக்கிறார். அப்புறம் ராய்ஸ் போட்டிருந்த ஜுஜிட்சு அங்கியையே ஆயுதமாக்கினார். அங்கியைப் பிடித்து இழுத்து நகரவிடாமல் செய்வது, இடுப்புப் பட்டையை அவிழ்ப்பது, கால்சட்டையைக் கழற்றப் பார்ப்பது. டோம் முழுக்கச் சிரிப்பு. உலகத்தின் மிகப் பயங்கரமான குடும்பம் என்று பெயர் வாங்கியவர்களின் பிள்ளை, ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொள்ள வேண்டிய நிலை.

இதை வெறும் கோமாளித்தனம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ராய்ஸின் பலமே பொறுமை. எதிராளி அவசரப்பட்டுத் தப்பு செய்யும்வரை காத்திருப்பார். அந்த ஆளைச் சங்கடப்படுத்தி, சலிப்பேற்றி, காத்திருப்பதையே அவமானமாக்கிவிட்டால்? கூட்டத்தை வைத்து எதிராளியைக் கலைப்பது புரோ ரெஸ்லர் மட்டுமே கற்ற வித்தை. பல்கலைக்கழக மல்யுத்தப் பாயில் இதைச் சொல்லித்தர மாட்டார்கள், ராபின்சன்கூடச் சொல்லித்தரவில்லை. காலைப் பாயும் மாலை மேடையும் சேர்ந்து கொடுத்தது இது. (6ஆம் தேதிக் குறிப்பில் மேடைக்கு நான் பங்கே கொடுக்கவில்லை என்று ஒருவர் சுட்டுவார் என்று தெரியும். கொடுக்கிறேன், இதோ.)

கூடவே கால் உதை. தொடையில், முட்டிக்குக் கீழே, திரும்பத் திரும்ப. நான்காவது ரவுண்டுக்கு மேல் ராய்ஸ் நடப்பதைப் பார்த்தாலே தெரியும். ஆறாவது ரவுண்டு முடிந்ததும், 90 நிமிடம், அண்ணன் ரோரியன் டவலை எறிந்தார். ராய்ஸால் நிற்க முடியவில்லை.

பலர் மறக்கிற விஷயம்: சகுராபாவுக்கு அன்றைக்கு வேலை முடியவில்லை. அரையிறுதியில் இகோர் வோவ்சான்சின், அவரைவிட நல்ல எடை, குத்து ஒவ்வொன்றும் கல். அந்த மேட்சுக்கும் வந்து 15 நிமிடம் நின்றார். கூடுதல் ரவுண்டு என்றதும் அவர் மூலையிலிருந்து டவல் வந்தது. நான் அந்த 15 நிமிடத்தை ஒரு காலத்தில் வீரத்தின் உச்சம் என்று நண்பர்களுக்குப் போட்டுக் காட்டுவேன்.

ஜனவரி 12, நள்ளிரவு

கடைசி வரியை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். இப்போது அந்த 15 நிமிடத்தைப் போட்டுக் காட்டுவதில்லை. ஏன் என்று வேறொரு நாள்.

ஜனவரி 15

அந்த வேறொரு நாள்.

2001 மார்ச் 25, ப்ரைட் 13. தரையில் இருப்பவரின் தலையில் முழங்காலால் இடிக்கலாம், உதைக்கலாம் என்று விதியைத் தளர்த்திய முதல் நிகழ்ச்சி. எதிரே வாண்டர்லேய் சில்வா. ஒரு நிமிடம் 38 விநாடியில் சகுராபா தோற்றார். அதே வருடம் நவம்பரில் மறுபடியும் சில்வா. தூக்கிப் போட்டதில் காரை எலும்பு முறிந்து முதல் ரவுண்டோடு நின்றது. 2002 ஆகஸ்டில் டோக்கியோ தேசிய அரங்கில், 91,107 பேர் என்று அறிவிக்கப்பட்ட கூட்டத்துக்கு முன்னால், சுமார் 100 கிலோ குரோ காப். கண்குழி எலும்பு உடைந்தது. 2003 ஆகஸ்டில் மூன்றாவது முறையாகச் சில்வா, நினைவிழந்து விழுந்தார்.

ஏன் மூன்றாவது முறை? யார் கேட்டார்கள்? டிக்கெட் விற்றது, டிவி கேட்டது, சகுராபா மறுக்கவில்லை. இங்கேதான் எனக்கு நெஞ்சில் முள். புரோ ரெஸ்லிங்கில் வளர்ந்தவனுக்கு முதலில் கற்றுத்தரப்படுவது, நிறுவனம் நிறுத்துகிற இடத்தில் நில் என்பது. இன்றைக்கு நீ ஜெயி, இன்றைக்கு நீ தோற்றுக் கொடு, கூட்டம் பெரியவனோடு உன்னைப் பார்க்க ஆசைப்படுகிறதா, போ. மேடையில் அது செல்லும், ஏனென்றால் எதிரே இருப்பவன் உன் உடம்பைப் பார்த்துக்கொள்வான். அதுதான் அந்தத் தொழிலின் அடிப்படை நேர்மை. சில்வா பார்த்துக்கொள்ள மாட்டார், பார்த்துக்கொள்வது அவர் வேலையும் இல்லை. சகுராபா மேடையின் கீழ்ப்படிதலை அப்படியே கூண்டுப் புலிகளிடம் எடுத்துக்கொண்டு போனார்.

ஆகவே முதல் கேள்விக்கு என் பதிலின் மறுபாதி: அவரை உருவாக்கியதும் புரோ ரெஸ்லிங், உடைத்ததும் அதுதான். கல்லூரி மல்யுத்தத்தோடு மட்டும் வந்த ஒருவன், “என் எடை 85 கிலோ, அந்த எடையில் ஆள் கொண்டுவா” என்று சொல்லியிருப்பான்.

கை மெஸ்கர் (Guy Mezger) என்ற வீரரோடு சகுராபா ஆடிய மேட்சையும் இதற்கு எதிர்மாறாக வைத்துப் பாருங்கள். 2000 ஜனவரி, 15 நிமிடம் முடிந்து டிரா, கூடுதல் ரவுண்டு என்றார்கள். மெஸ்கர் பக்கம் நின்ற கென் ஷாம்ராக், ஒப்பந்தத்தில் ஒரு ரவுண்டுதான் என்று சொல்லி அவரை இழுத்துக்கொண்டு வெளியேறினார். கூட்டம் ஏசியது, நானும் ஏசினேன். இப்போது நினைத்தால், தன் ஆளுக்காக ஒப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டு சண்டை போட ஒருவர் இருந்தார் அங்கே.

ஜனவரி 16

“அப்படியென்றால் இனோகிதான் வில்லன்?” சகுராபா விஷயத்தில் இனோகிக்கு நேரடிப் பங்கில்லை. நகாதா விஷயத்தில் உண்டு. 1976இல் முகமது அலியோடு 15 ரவுண்டு மல்லாந்து படுத்து உதைத்து டிரா செய்த மனிதர் அவர். புரோ ரெஸ்லிங்தான் எல்லாவற்றிலும் பெரியது என்று நிரூபிக்கும் வெறி கடைசிவரை போகவில்லை. தன் உடம்பை வைத்துச் செய்தவரை சரி. அப்புறம் மற்றவர்களின் உடம்பை வைத்தும் செய்தார்.

ஜனவரி 19

கிமுரா பேச்சு வந்ததால் பழைய கதை ஒன்று. 1951, ரியோ, மரக்கானா அரங்கம். ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுரா ஹீலியோ கிரேசியின் கையை இதே பூட்டில் முறித்தார். ஹீலியோ தட்டவில்லை, அண்ணன் கார்லோஸ்தான் முடித்துவைத்தார். அந்த ஹீலியோவின் மகன்கள்தான் ராய்லர், ராய்ஸ், டவல் எறிந்த ரோரியன். தகப்பனும் தட்டவில்லை, பிள்ளை ராய்ஸும் தட்டவில்லை, இரண்டு முறையும் முடிவெடுத்தது அண்ணன். பரம்பரை என்றால் இதுதான்.

இதில் இன்னொரு முடிச்சு. அந்தக் கிமுரா பிறகு பிழைப்புக்காகப் புரோ ரெஸ்லிங்குக்கு வந்தார். 1954 டிசம்பர் 22, அன்றைய புரோ ரெஸ்லிங் நட்சத்திரம் ரிக்கிடோசானோடு மேட்ச். டிரா என்று பேச்சு. நடுவில் ரிக்கிடோசான் திடீரென்று நிஜமாக அடிக்க ஆரம்பித்தார். கிமுரா ரத்தத்தில் கிடந்தார். ஜப்பானியப் புரோ ரெஸ்லிங்கின் அஸ்திவாரமே பேச்சை மீறிய ஓர் அடி. பொய்யா நிஜமா என்ற கேள்வியை அந்த நாட்டு ரசிகர் விடாமல் சுமப்பதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 20

ப்ரைடிலேயே பேசிவைத்த மேட்ச் இருந்ததே என்கிறீர்கள். டகாடா மார்க் கோல்மனை ஜெயித்ததைச் சொல்கிறீர்கள் என்று புரிகிறது. பார்த்தவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறார்கள், நானும்தான். அதனால் சகுராபாவின் உடைந்த எலும்புகள் பொய்யாகிவிடுமா? போங்க சார்.

ஜனவரி 24

அகியாமா மேட்சை எழுத மறந்தேன் என்று இருவர் நினைவூட்டினார்கள். 2006 டிசம்பர் 31. சகுராபா காலைப் பிடிக்கிறார், வழுக்குகிறது. மறுபடி பிடிக்கிறார், வழுக்குகிறது. அடி வாங்கிக்கொண்டே ரெஃப்ரியிடம் வழுக்குகிறது என்று கத்துகிறார். நிறுத்தவில்லை. தோல்வி என்று அறிவித்தார்கள். பிறகுதான் யோஷிஹிரோ அகியாமா உடம்பில் கிரீம் பூசியிருந்தது வெளியே வந்து, முடிவை ரத்து செய்தார்கள். அடுத்த ஜூனில் லாஸ் ஏஞ்சலஸில் ராய்ஸோடு மறுமோதல். ராய்ஸ் புள்ளியில் ஜெயித்தார், பின்னால் ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டினார். 2010இல் இன்னொரு டிசம்பர் 31, மரியஸ் சரோம்ஸ்கிஸோடு ஆடியபோது காதே பிய்ந்தது. ஜப்பானில் புது வருடப் பிறப்பு என்றால் இந்த மனிதருக்கு ஏதாவது ஒன்று ஆகிவிடுகிறது.

ஜனவரி 26

“கடைசியில் என்ன ஆனார்?” 2012இல் புரோ ரெஸ்லிங்குக்கே திரும்பினார், அதுவும் நியூ ஜப்பானுக்கு. 2013 ஜனவரி 4, டோக்கியோ டோமில் ஷின்சுகே நகமுராவோடு ஆடித் தோற்றார். நகமுராவையும் இளம் வயதில், 2002 டிசம்பர் 31இல், டேனியல் கிரேசி முன்னால் தள்ளித் தோற்கவைத்தார்கள் என்பதை நினைத்துக்கொண்டு அந்த மேட்சைப் பாருங்கள். இரண்டு பேரும் நிஜச் சண்டை என்றால் என்ன என்று தெரிந்தவர்கள், இப்போது ஒருவர் உடம்பை ஒருவர் பார்த்துக்கொண்டு ஆடுகிறார்கள். சகுராபாவின் ஆட்டத்தில் அவ்வளவு நிம்மதியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. 2017இல் யூ.எஃப்.சி. அவரைத் தன் புகழரங்கத்தில் சேர்த்தது. 2018இல் குவின்டெட் என்று ஐந்து பேர் அணிகள் மோதும் பூட்டுப் போட்டியைத் தொடங்கினார், குத்தும் இல்லை உதையும் இல்லை, ஜெயித்தவர் வளையத்திலேயே நிற்க அடுத்த ஆள் வருவார்.

புதிதாகப் பார்க்கிறவர்கள் வரிசை கேட்டார்கள்: சில்வெய்ரா இரண்டும், நியூட்டன், ராய்லரின் கடைசி ஐந்து நிமிடம், ராய்ஸ் முதல் ரவுண்டும் ஆறாவதும், ரென்சோ, ஜாக்சன், அப்புறம் நேராக நகமுரா. சில்வா மூன்றையும் நீங்களே தேடிக்கொள்ளுங்கள், நான் இணைப்பு தர மாட்டேன்.